மூத்தவள் பக்கம் இழுக்கிற கார்

இளையவள் முன் இருக்கையில் உட்கார்ந்தால் போதும், அந்தப் பழைய செடான் கார் இடப்பக்கமாக இழுக்கும். அவள் இறங்கிவிட்டால் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும்.

முதலில் அது நடந்தது கல்யாணமான புதிதில், கடைத்தெருவுக்குப் போகும் வழியில். கணவன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருந்தான். காரோ கட்டுத்தறிக்குத் திரும்புகிற மாடு போல அவனை மீறி ஓரம் போயிற்று. நடைபாதைக் கல்லில் டயர் உரசி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அது அவ உக்காந்த இடம். இன்னொருத்தி உக்கார அவ சம்மதிக்கலை."

அவ என்றால் மூத்தவள். கணவனின் முதல் மனைவி. நோயில் படுத்து, போன வருஷம் போய்ச் சேர்ந்தவள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் அந்த இருக்கையில்தான்.

"டயர்ல காத்து இல்லை" என்றாவது கணவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையை ஸ்டியரிங்கிலேயே வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தான். நாத்தனாரின் பேச்சைவிட அதுதான் இளையவளைத் தைத்தது.

இன்னும் சில தடவை உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இழுத்தது. பிறகு பேசாமல் பின்னால் போய் உட்காரத் தொடங்கினாள். அடுத்த வீட்டுக்காரி ஜன்னல் வழியாகச் சிரித்தாள். "என்னடி, புருஷன் வண்டியிலயா போற, வாடகை வண்டியிலயா?"

பின்னாலிருந்து பார்த்தால் முன் இருக்கை நன்றாகத் தெரிந்தது. நோயாளிக்காகக் கொஞ்சம் சாய்த்து வைத்த சாய்வு, இன்னும் அப்படியே. மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். தெருமுனை திரும்பும்போதெல்லாம் கணவனின் கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்வரும். யாரோ பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல.

பேய்க்குப் பயப்படாதவள்தான் அவள். ஆனால் பேயே சக்களத்தியாக வந்தால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்? சமையலறையில் தனியாக நிற்கும்போது வாய்விட்டே திட்டினாள். "செத்தும் விட மாட்டேங்குறியே. நான் என்ன உன்கிட்ட பிடுங்கிட்டா வந்தேன்?"

ஒரு நாள் காலை கணவன் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போனதும் ஒரு முடிவுக்கு வந்தாள். கார் ஓட்ட அவளுக்குத் தெரியும். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கி டிக்கியில் வைத்தாள். சக்கரங்களைச் சரிபார்க்கும் பட்டறைக்குப் போவது. காரில் குறை இருந்தால் வீடு திரும்புவது. குறையே இல்லை என்று சொல்லிவிட்டால், அப்படியே அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. உயிரோடு இருப்பவளோடு சண்டை போடலாம், செத்தவளோடு மல்லுக்கட்ட முடியுமா?

அவள் தனியாக ஓட்டியபோது கார் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆளில்லாத சாலையில் ஒரு கணம் கையை எடுத்துப் பார்த்தாள். அப்போதும் நேராகத்தான் போயிற்று. பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பட்டறைக்காரரை எல்லாரும் கோணல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தோள் தாழ்ந்து சாய்ந்து நடக்கிற மனிதர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "ஊர் வண்டியெல்லாம் நேராக்குறேன், என்னை நேராக்க ஒரு மிஷின் வரலையேம்மா!"

காரை இரும்புத் தளத்தில் ஏற்றி, சக்கரங்களில் கவ்விகளை மாட்டினார். "டிக்கியில பாரம் இருந்தா எடுத்துடுங்க. அளவு தப்பா காட்டும்."

அவள் பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"ஊருக்காம்மா?"

"இன்னும் தெரியலை. நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தார். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் எல்லா எண்ணும் பச்சையில் நின்றன. "சுத்தமா இருக்கே. ஒரு குறையும் இல்லை."

அவள் கண் பெட்டிக்குப் போயிற்று. அதன் கைப்பிடியைப் பிடிக்கப் போனவள், குனிந்தபடியே சொன்னாள். "நான் பக்கத்து சீட்டுல உக்காந்தா மட்டும் இழுக்குதுண்ணே. வேற எப்பவும் இல்லை."

கோணல் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. "ஏறி உக்காருங்க, பாப்போம்" என்றார்.

பள்ளம் விழுந்த மெத்தையில், கதவுப் பக்கமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். திரையில் இடது சக்கரத்தின் எண்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

கோணல் தளத்துக்கு அடியில் இறங்கி டார்ச் அடித்தார். கீழேயிருந்து குரல் வந்தது. "இந்தப் பக்கத்து ஸ்பிரிங் செத்துப்போச்சும்மா. ஆள் ஏறினதும் அமுங்குது, சக்கரம் தலையைச் சாய்ச்சுடுது. வருஷக்கணக்கா ஒரே பக்கம் பாரம் ஏறியிருக்கு. இப்பதான் ஞாபகம் வருது, இந்த வண்டிதானே! சார்கிட்ட அப்பவே சொன்னேனே."

"எந்த சார்கிட்ட?"

"உங்க வீட்டு சார்தான், இந்த வண்டியில. ஸ்பிரிங்கை மாத்துங்கன்னேன். வேணாம், பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க, எனக்கு மட்டும் நேரா போற மாதிரி வச்சுக் குடுங்கன்னாரு. அப்படியே வச்சுக் குடுத்தேன்."

அவள் மெல்ல இறங்கினாள். கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. "எப்ப வந்தாரு? எங்க கல்யாணத்துக்கு முன்னாடியா?"

கோணல் கையைத் துடைத்தபடி யோசித்தார். "பின்னாடிதான். விரல்ல புது மோதிரம். பழக்கமில்லாம அதைத் திருகிக்கிட்டே நின்னாரு. புது மாப்பிள்ளையான்னு கிண்டல்கூட பண்ணேனே."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இத்தனை நாள் யாரைத் திட்டினோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கூசியது. அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருந்தது செத்தவள் அல்ல.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"ரெண்டு வழி. நீங்க உக்காந்தா நேரா போற மாதிரி அளவை மாத்தித் தரேன். ஆனா நீங்க இல்லாதப்ப வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும். இல்லைன்னா ரெண்டு ஸ்பிரிங்கையும் புதுசா போட்டுட்டு, முறைப்படி அளவு வைக்கணும்."

முதல் வழி அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அவன் தனியாகப் போகட்டும், கார் இழுக்கட்டும், ஒவ்வொரு தெருவிலும் நான் இல்லாதது அவன் கையில் தெரியட்டும். அப்படி நினைத்ததும் அந்தச் சாய்ந்த இருக்கை கண்ணில் பட்டது. இன்னொரு பேயாகிப் போவதற்கா இவ்வளவும்?

"புதுசா போடுங்கண்ணே. யாரு உக்காந்தாலும் உக்காராட்டியும் நேரா போகணும்."

கழற்றிய ஸ்பிரிங்குகளைக் கோணல் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இடப்பக்கத்தது ஒரு விரல் அளவு குட்டையாக இருந்தது. அதைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்தாள். பெட்டியையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

சாயங்காலம் கணவன் வந்ததும், கார் பக்கத்தில் வைத்து அந்த ஸ்பிரிங்கை அவன் கையில் கொடுத்தாள். துணியைப் பிரித்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளங்கையால் அதை அழுத்திப் பார்த்தான். அது அசையவில்லை.

"இதை மாத்திட்டா, அவ உக்காந்ததுக்கு அடையாளமே இல்லாம போயிடும்னு தோணிச்சு" என்றான்.

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் அவங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன். பாவம், ஒண்ணும் பண்ணாதவங்களை."

"நீ உக்காந்து வண்டி இழுத்தப்ப எனக்கே பயமா இருந்துச்சு. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன்னு தெரியும். தெரிஞ்சும் பயம்."

நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். "சரி பண்ணியாச்சாமா? நானும் வரேன், பாத்துடுவோம்" என்று பின்னால் ஏறிக்கொண்டாள். இளையவள் முன்னால் உட்கார்ந்தாள்.

தெருமுனை தாண்டி அகலமான சாலைக்கு வந்ததும் கார் விலகியது. இந்த முறை வலப்பக்கம். நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிற்று.

"பாத்தியா! பாத்தியா!" என்று நாத்தனார் அலறினாள். "எந்த மெக்கானிக்குக்கு அவ அடங்குவா?"

கணவன் காரைக் கஷ்டப்பட்டுத் திருப்பினான். டிக்கியில் எதுவோ சரிந்து இடித்தது. இளையவள் அவன் கைகளைப் பார்த்தாள். நரம்பு புடைக்க, ஸ்டியரிங்கை வலப்பக்கமே அழுத்திக்கொண்டிருந்தன. இல்லாத இழுப்பை எதிர்த்துக்கொண்டிருந்தன.

"வண்டி இழுக்கலைங்க. நீங்கதான் இழுக்குறீங்க. கையைத் தளர்த்துங்க."

அவன் தளர்த்தவில்லை. "டிக்கியில என்ன இடிக்குது?"

"என் துணிப்பெட்டி. காலையில எடுத்து வச்சேன்."

எங்கே போக என்று அவன் கேட்கவில்லை. பிறகு அவன் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. உள்ளங்கை ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

கார் நேராகப் போயிற்று.

அடுத்த முனையில் பழக்கம் போல அவன் கண் பக்கத்து இருக்கைக்கு வந்தது. மூத்தவளுக்காகச் சாய்த்து வைத்த சாய்விலேயே, பெல்ட் போட்டுக்கொண்டு, இளையவள் உட்கார்ந்திருந்தாள். அவன் பார்வையை எடுக்கவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"பெட்டியை நான் உள்ள எடுத்து வைக்க மாட்டேன். நீங்கதான் வைக்கணும்."

"வைக்கிறேன்" என்றான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."