புயல் அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பின்னால் நீங்களே கண்டுபிடித்துத் திட்டுவதைவிட நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது மரியாதை.

ஜனவரியின் கடைசி ஞாயிறு. ஹஸ்னியா ஒரு தேர்வு எழுத வட ஜப்பானின் அகிதா நகரத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். "நான் கொண்டுபோய் விடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தவள் நான். கொண்டுபோய் விடவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு நல்ல காரணம் வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த காரணம் நன்றாக இல்லை. ஆகவே கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்:

"அன்று விடியற்காலையில் பனிப்புயல் ஊரையே மூடிக்கொண்டிருந்தது. சாலை எது, வயல் எது என்று தெரியாத அந்த வெள்ளையில்..."

[அடித்துவிட்டேன். ஆனால் அழிக்கவில்லை. காரணம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது.]

இரண்டாவது தொடக்கம்:

"பன்னிரண்டு குளிர்காலம் கண்ட என் கைகள் ஸ்டியரிங்கைப் பற்றியதும் ஹஸ்னியாவின் நடுக்கம் நின்றது. நான் இருக்கும்வரை அவளுக்கு..."

[இதை எழுதிய தாளையே கிழித்துவிட்டேன். யார் இந்தப் பெண்மணி? எனக்கே சகிக்கவில்லை.]

2

பாத்திரங்களை முறையாக அறிமுகப்படுத்துகிறேன்.

ஹஸ்னியா, இருபத்தொன்பது வயது, இந்தோனேசியாவில் மகஸ்ஸார்க்காரி. இங்கே முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஆறு வயது மகள் ரைஹானா மகஸ்ஸாரில் பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். தேர்வில் தேறினால் ஹஸ்னியாவுக்கு உரிமம் கிடைக்கும், மகளைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அக்டோபரில் விசா முடிகிறது, பெட்டி கட்ட வேண்டியதுதான். போன வருடம் இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. இந்த வருடம்தான் கடைசி.

நான் வேலூர்க்காரி. ஊறுகாய் ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. அவள் மாடி வீடு, நான் கீழ் வீடு. வெயிலில் பிறந்த இரண்டு பெண்கள் ஒரே கட்டடத்தில் மாட்டிக்கொண்டால் ஒருத்தி அக்கா ஆகிவிடுகிறாள்.

ஹஸ்னியா என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் குளிரைத் துன்பமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள். முதல் வருடமே ஒரு நோட்டு போட்டாள். நாளுக்கு ஒரு பாடம். தூங்கப் போகும் முன் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடு. மண்ணெண்ணெய் பாதி இருக்கும்போதே வாங்கு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடக்காதே. எத்தனை முறை வழுக்கி விழுந்தாள் என்றும் அதிலேயே குறித்திருக்கிறாள்: முதல் குளிர்காலம் பதினொன்று, இரண்டாவது நான்கு, மூன்றாவது ஒன்று, நான்காவது வெறும் கோடு.*

இப்படி ஒரு பெண்ணை யார் நம்புவார்கள்? வாசகருக்கு மனம் இளக வேண்டாமா? அதனால் ஒரு காட்சி சேர்த்தேன். வெளியே பனி கொட்டுகிறது, ஹஸ்னியா ஜன்னலோரம் நின்று மகஸ்ஸார் கடலை நினைத்துக் கண்ணீர் விடுகிறாள். நன்றாகவே வந்திருந்தது.

* என் கணக்கைக் கேட்காதீர்கள். எண்ணாமல் விழுவதுதான் என் வழக்கம்.

3

பிப்ரவரி முதல் வாரம், என் வீட்டில் கணப்பு மேசைக்குள் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். மேசையைச் சுற்றித் தொங்கும் மெத்தையை இடுப்புவரை இழுத்துக்கொண்டு, எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுதியது தமிழில், படித்துச் சொன்னது ஜப்பானியத்தில். எனவே தேவைப்பட்ட இடங்களில் சுருக்கிக்கொண்டேன்.

"அக்கா, ரெண்டு பக்கம் புரட்டிட்ட. வாயில ரெண்டே வரிதான் வந்துச்சு."

"தமிழ்ல அப்டிதான். இழுக்கும்."

அவள் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "சரி, நான் எப்ப ஜன்னல்கிட்ட நின்னு அழுதேன்?"

"சும்மா ஒரு உருக்கத்துக்குப் போட்டேன்."

"ஜன்னல்கிட்டதான் குளிர் அதிகம். அங்க போயி எவளாவது நிப்பாளா?"

"அப்ப நீ அழவே இல்லையா?"

"அழுதேனே. மொத வருஷம் தலைத்துணிய வெளிய காயப்போட்டு எடுத்தா, அப்பளம் மாதிரி வெறச்சிக்கிட்டு தனியா நின்னுச்சு. சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணியா ஊத்துச்சு. அத எழுது."

எழுதிக்கொண்டேன்.

"அப்புறம், இந்தப் புயல். அது என்னிக்கு அடிச்சுது?"

"பரீட்சை அன்னிக்குத்தான்."

"அன்னிக்கு வானம் நீலமா, தொடச்சி வச்ச மாதிரி இருந்துச்சுக்கா."

"கதைன்னா கொஞ்சம் முன்ன பின்ன..."

"உன் கதையில ஹேண்ட்பிரேக் எங்க?"

நான் ஆரஞ்சுத் தோலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

[புயலை அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். நான் எவ்வளவு தூரம் போகக்கூடியவள் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.]

ஹேண்ட்பிரேக். சரி, எழுதிவிடுகிறேன். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தினால் யாரும் ஹேண்ட்பிரேக் போட மாட்டார்கள். பகலில் சாலையின் சேற்றுப்பனி சக்கரத்துக்குள் தெறித்திருக்கும். போட்டுவிட்டுப் போனால் காலைக்குள் பிரேக் அப்படியே உறைந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். இது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வெயில் ஊர்களிலிருந்து இந்த ஊருக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைச் சொல்லுகிறவளே நான்தான். கார் இல்லாத ஹஸ்னியாவின் நோட்டில்கூட இருக்கிறது: "அக்கா சொன்னது. குளிர்காலத்தில் ஹேண்ட்பிரேக் கூடாது."

அந்தச் சனிக்கிழமை மாலை நான் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தேன். டாங்கை நிரப்பினேன். கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வைப்பரைத் தூக்கி நிறுத்தினேன். மண்வெட்டி, கம்பளி, கயிறு எல்லாம் பின்னால் போட்டேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற அந்த வேகத்தில், வேலூரில் பழகிய கை தானாகப் போய் அதையும் இழுத்துவிட்டது.

4

ஞாயிறு காலை ஆறே முக்கால். வெயில் ஏறப்போகிற தெளிந்த வானம், குளிர் மைனஸ் பதினொன்று. முதல் ரயில் போய்விட்டது, அடுத்த ரயில் பத்து மணிக்கு மேல்தான் அகிதா சேரும். தேர்வு பத்துக்கு. ஊரில் இருப்பதே இரண்டு டாக்சி, இரண்டும் வெளியே.

ஹஸ்னியா என் பக்கத்து இருக்கையில், அனுமதிச்சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். நான் மிதித்தேன். வண்டி முனகியது. பின்சக்கரம் சுழலாமல் இழுபட்டது. பின்னால் எடுத்தேன், முன்னால் எடுத்தேன். வீட்டுக்காரர் கமடா, எழுபத்தெட்டு வயது, வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஹேண்ட்பிரேக் போட்டுட்டியா?"

நான் இன்னொரு முறை மிதித்தேன்.

"பன்னெண்டு வருஷமா இருக்க இந்த ஊர்ல!"

"சுடுதண்ணி ஊத்தட்டுமா ஐயா?"

"ஊத்து, ஊத்து. இன்னும் நல்லா கெட்டியா புடிச்சிக்கும்."

அவரைக் கொண்டுபோய் விடச் சொல்லலாம் என்றால், போன வருடமே ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஹஸ்னியா கடிகாரத்தைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள்.

"அக்கா, வண்டி வராது."

"வரும், இரு. ரெண்டு நிமிஷம்."

"நீ வரவச்சிக்க. நான் போறேன். ஏழேகாலுக்குப் பெரிய ரோட்டுல பால் லாரி போகும்."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமடி!"

"மாட்டுக்கு ஏது ஞாயித்துக்கெழம?"

அவள் ஓடவில்லை. இதை நான் குறிப்பாக எழுத விரும்புகிறேன். வேறு யாராக இருந்தாலும் ஓடி, முதல் திருப்பத்தில் விழுந்திருப்பார்கள். அவள் சின்னச் சின்ன அடியாக, பாதத்தைப் பட்டையாக வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, கண்ணாடியாகக் கிடந்த தெருவில் ஒரே சீராகப் போனாள். தேநீர்க் குடுவையை மறந்துவிட்டாளே என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவள் நான். விழுந்தேன். குடுவை உருண்டுபோயிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாக்கெட்லேருந்து கைய எடுத்துட்டு நட!" என்று கத்தினாள். திரும்பி வரவில்லை. பனியில் உட்கார்ந்தபடியே "மன்னிச்சிடுடி!" என்று நானும் கத்தினேன். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு அவள்மேல் அவ்வளவு பாசம் வந்தது.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பால் லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாளாம். ஓட்டுநர் பெயர் கொயானோ. விபத்து என்று நினைத்துப் பதறி இறங்கினாராம்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. எனக்குப் பரீட்ச."

"இது பால் வண்டிம்மா."

"தெரியும். பால் போற ஊருக்குத்தான் நானும் போறேன்."

"ஆள ஏத்துனா என் வேல போயிடும்."

"ஏத்தலன்னா என் வேல போயிடும்."

[இந்தப் பேச்சு கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. அவளும் என்னைப்போல மெருகு போட்டிருப்பாளோ என்று கேட்டேன். சத்தியம் செய்கிறாள். இருக்கட்டும்.]

கொயானோ இருக்கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். வழியில் ஒரு பண்ணையில் பால் ஏற்ற இருபத்தைந்து நிமிடம். லாரிக்குள் வெந்நீர் அறைபோலச் சூடு. முந்தின நாள் வரை இரவு வேலை பார்த்தவளுக்குக் கண் சொக்கியது.

"ஜன்னலத் தொறந்துக்கவா?"

"வெளிய மைனஸ் பதினொன்னும்மா!"

"தெரியும். அதான்."

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பிறந்தவள், முகத்தை அந்தக் காற்றில் நீட்டிக்கொண்டு மறதி நோயின் வகைகளைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டே போயிருக்கிறாள். பால் ஆலைத் திருப்பத்தில் இறங்கி, டாக்சி பிடித்து, தேர்வு அறைக்குள் நுழைந்தபோது பத்து மணி ஒன்பது நிமிடம். உள்ளே விட்டார்கள். அந்த ஒன்பது நிமிடத்தால் கடைசி ஆறு கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. ஆறுக்கும் மூன்றாவது விடையைக் குறித்துவிட்டு வந்தாள்.

6

முடிவு மார்ச் கடைசியில் வெளியாகும். இப்போது பிப்ரவரி. நான் பொறுமை இல்லாதவள், அதனால் இரண்டு முடிவுகளை எழுதிவைத்தேன்.

முதல் முடிவில் அவள் தேறுகிறாள். விமான நிலையத்தில் ரைஹானா இறங்கி ஓடி வருகிறாள், கூட்டத்தில் நானும்...

[ஆமாம், அங்கேயும் நான் நிற்கிறேன்.]

இரண்டாவது முடிவில் ஒரு மதிப்பெண்ணில் போய்விடுகிறது. ஆறு கேள்வி, ஒரு மதிப்பெண், ஒரு ஹேண்ட்பிரேக். என் குற்ற உணர்ச்சியை நான்கு பக்கம் எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன். எழுதியதிலேயே இதுதான் சிறப்பாக வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

படித்துக் காட்டியபோது ஹஸ்னியா ஆரஞ்சைக் கீழே வைத்தாள். ஐந்து குளிர்காலத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"என் பரீட்சைய நீ எதுக்குக்கா எடுத்துக்கற?"

"ஆறு கேள்வி போனது என்னாலதானே?"

"மொத்தம் நூத்தி இருவத்தஞ்சு. மத்த நூத்திப் பத்தொம்பத எழுதுனது யாரு? தேறுனாலும் நான்தான். தேறலன்னாலும் நான்தான். அதுல உனக்குப் பங்கு கெடையாது."

"மன்னிப்பாவது கேக்கறேனே..."

"அன்னிக்கே கேட்டுட்ட, பனியில உக்காந்துகிட்டு. போதும். எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் உன் அழுகைக் கதையா ஆக்கிடாத."

அவள் சொன்னது சரி, அதுதான் வலித்தது.

7

நேற்று இருவரும் கடைக்குப் போனோம். குளிர்காலச் சாமான்களைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிற நேரம். ஹஸ்னியா நேராகக் குழந்தைகள் வரிசைக்குப் போய், உள்ளே பஞ்சு வைத்த சிவப்புப் பனிக்காலணி ஒரு ஜோடி எடுத்தாள். ரைஹானாவின் அளவு பதினெட்டு சென்டிமீட்டர். எடுத்தது இருபது.

"பெருசுடி."

"அடுத்த குளிருக்குள்ள கால் வளந்துடும்."

"இன்னும் முடிவே வரலியே. தேறலன்னா?" கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவள் காலணியைத் திருப்பி அடிப்பகுதியின் பிடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். "மகஸ்ஸார்ல மழ வந்தா எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி. இதப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போவா."

வீட்டுக்கு வந்ததும் என் மேசைமேல் பார்வையை ஓட்டினாள்.

"மொன மடங்காம இருக்கணும்னா உள்ள காகிதம் அடைக்கணும். அந்த முடிவெல்லாம் எழுதி வச்சியே, குடு."

"நாலு பக்கம்டி அது!"

"நல்லதுதான். நல்லா அடைபடும்."

கொடுத்தேன். அவளே கசக்கினாள். தேறியது இடது காலணிக்குள், தேறாதது வலது காலணிக்குள். கட்டைவிரலால் முனைவரை அழுத்தித் திணித்து, பெட்டியில் வைத்து மூடி, மகள் பெயரை எழுதி மாடிக்கு எடுத்துப் போய்விட்டாள். என்னிடம் வேறு பிரதி இல்லை.

குழந்தை காலை உள்ளே விட வேண்டுமானால் இரண்டையும் உருவி எறிந்துதான் ஆக வேண்டும். எந்த ஊர் வாசலில் எறிவாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.