கீழ்ப் பட்டையின் போல்ட்

"ரொம்ப முறுக்காத. மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து. மாத்தி மாத்திப் போடு," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

அவள் தரையில் மண்டியிட்டு, நீருக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைக்கும் இரண்டு காலி சிலிண்டர்களையும் முழங்கால்களால் அணைத்துப் பிடித்திருந்தாள். மேனிஃபோல்டு என்று கணவர் சொல்லும் இணைப்புக் குழாயை, அவர் சொல்லச் சொல்ல, இரண்டின் தலையிலும் காலையிலேயே பூட்டியாயிற்று. இனி சிலிண்டர்களைச் சேர்த்துக் கட்டும் எஃகுப் பட்டைகள்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் நீளப் போல்ட்.

பாலத்தூண்களை நீருக்கடியில் இறங்கிச் சோதிப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம். நுரையீரல் இனித் தேறாது என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிப் பதினோரு நாள் ஆகிறது. நாளை அவருடைய கூட்டாளி இந்தச் செட்டை மாட்டிக்கொண்டு தனியாக இறங்கவேண்டும். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவனை எல்லோரும் சோடா என்றுதான் கூப்பிடுவார்கள். "நானே பூட்டிக்கிறேண்ணே" என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. தன் செட்டு தன் கண்முன்னால் சேரவேண்டும். அதனால்தான் அவளைக் கூப்பிட்டார்.

அந்தச் சாமான்களை அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. வாசலில் அவை இறங்கினால் அவர் வந்துவிட்டார் என்று பொருள்; ஏறினால் வீடு காலி.

கீழ்ப் பட்டையின் போல்ட் பிடிக்காமல் சுழன்றுகொண்டே இருந்தது.

"மரை தேஞ்சிடுச்சு," என்றார். "அது கடையில வாங்கிப் போட்டது. பட்டையோட வந்தது எங்க போச்சோ."

அவள் எழுந்துபோய்த் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில், ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பதினாறு வருஷமாக. கரு கலைந்த மூன்றாம் நாள் காலையில், அவர் குளிக்கப் போனபோது கழற்றியது. போல்டைக் காணோம் என்று அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. துணிகளைத் துவைத்தார். சோற்றைக் குழைய விட்டார். தலைவாரத் தெரியாமல் அவளுக்குச் சிக்கு எடுத்தார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அந்த மாதிரி ஒரு நாள் பிறகு வரவேயில்லை.

உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "நான்தான் எடுத்து வச்சேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே. துணியே வைக்காம மெஷின மிதிச்சிட்டு இருந்தியே." சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. அவள் துணியால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல?"

"எதுக்குக் கேக்கணும்? டப்பால ஸ்பேர் நாலு கெடந்துச்சு."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடு. சோடா வந்துருவான்."

வாஷரைக் கோத்து நட்டைப் பூட்டினாள். இந்த முறை பிடித்தது. மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. பிடிமானம் இறுக இறுக ஸ்பானர் கனத்தது.

"போதுமாங்க?"

ஸ்பானரை எடுக்காமல் காத்திருந்தாள்.

"இன்னும் ஒரு சுத்து போடவா?"

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு சுற்று முறுக்கினாள். பிறகு ஸ்பானரை, சத்தம் வராமல், தரையில் வைத்தாள்.

செட்டைத் தூக்க வந்த சோடா, அன்று அவரைத் தூக்கினான்.

தூண்வேலை ஒன்பது நாள் தள்ளிப் போயிற்று. செட்டில் காற்று அடைத்து வண்டியில் ஏற்றிவிட்டு அவன் சொல்லிக்கொள்ள வந்தபோது, அவள் புடவை மாற்றி நின்றிருந்தாள்.

"நானும் வரவா?"

"அங்க வந்து என்ன அண்ணி பாக்கப் போறீங்க? வெறும் தண்ணிதான்."

"அவரும் இப்படித்தான் சொல்வாரு."

அவன் வண்டியின் முன்கதவைத் திறந்துவிட்டான்.

பாலத்தின் மேலிருந்து அவள் பார்த்தாள். சோடா படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து மறைந்தான். நீர் மூடிக்கொண்டது. கொஞ்சம் கழித்து அதே இடத்தில் குமிழிகள் வந்தன. பிறகு அவை முதல் தூணைச் சுற்றிக்கொண்டு அடுத்ததை நோக்கி நகர்ந்தன. கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி அவளும் நடந்தாள். அவை நின்ற இடத்தில் நின்றாள்.