விசிறிக்கொம்பு வண்டுகள் திரும்பிய திசை

பல வருஷங்களாக ஊசியில் குத்தி வைத்திருந்த ஆண் வண்டுகள் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாமே வடக்கு அலமாரியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. அருங்காட்சியகத்தில் பூச்சிகளை வகைப்படுத்தும் அம்மாள் ஒவ்வொன்றாக நேராக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். வந்து பார்த்தால் பழையபடி வடக்கே. மேசை சாய்ந்திருக்கிறது என்றார் அதிகாரி. தச்சர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்து, மேசை சரியாகத்தான் இருக்கிறது, சாய்ந்திருப்பது அதிகாரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வண்டைத் தெரிந்தவர்கள் குறைவு. அதன் உணர்கொம்பு விசிறிபோல மடல் மடலாக விரியும். அத்தனை மடலும் வாசனை பிடிக்கத்தான். பரப்பு கூடக் கூட, காற்றில் கரைந்து வரும் துளி வாசனையும் தப்பாது. ஆனால் யாருடைய வாசனை? பெண் வண்டை ஒருவரும் கண்டதில்லை. ஆண் வண்டைக் கண்டுபிடித்த அம்மாளின் கணவர் அதற்கு மனைவியின் பெயரை வைத்திருந்தார். அவர் காய்ச்சலில் போன பிறகு, கடைசியாக மரப்பட்டைக்கு அடியிலிருந்து அவர் எடுத்து வந்திருந்த, இறக்கையே இல்லாத புழு மாதிரியான பூச்சியை அம்மாள் வேறு குடும்பம் என்று முடிவுகட்டி, அவர் பெயரைச் சூட்டி, ஸ்பிரிட் குப்பியில் போட்டு வடக்கு அலமாரியில் வைத்தார்.

இப்போது அந்தக் குப்பியை ஜன்னலுக்கு மாற்றினார். மதியத்துக்குள் ஆண் வண்டுகள் ஜன்னல் பக்கம் திரும்பின. மாடிப்படியில் வைத்தார், மாடிப்படிப் பக்கம் திரும்பின. ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதுவரை கீறிப் பார்க்க மனம் வராத அந்தப் பூச்சியை அன்று கீறினார். உள்ளே மணி மணியாக முட்டைகள். ஒருவரும் காணாத அந்தப் பெண் வண்டு இதுதான். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டால் முதலில் வைத்ததுதான் நிற்கும். பின்னது அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒண்டிக்கொள்ளும். கணவர் பெயர் போய்விடும்.

அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்துப் பூச்சிகளை வரையும் நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை.

"எங்க அண்ணன் பேரைச் சொல்ல அந்தப் புழு ஒண்ணுதான் மிச்சம். அதையும் துடைச்சுப் போடப் போறீங்களா அண்ணி?"

இரண்டும் ஒன்றே என்று அறிவிக்கும் கட்டுரையை அம்மாள் எழுதாமலே மழைக்காலம் போயிற்று. வண்டுகள் மட்டும் விசிறியை மடக்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் நாத்தனார் ஆண் வண்டை நேராக வரைந்து காயவைத்தாள். மை காய்ந்தபோது படத்திலிருந்த வண்டு குப்பிப் பக்கம் திரும்பியிருந்தது. வேறு தாளில் வரைந்தாள், அதுவும் திரும்பியது. இரண்டு தாளையும் கொண்டுவந்து அண்ணியின் எதிரில் வைத்தாள்.

"எழுதுங்க அண்ணி. அவன் பேரு உங்க பேருக்கு அடியிலயே இருக்கட்டும். உசிரோட இருந்தப்பவும் அப்படித்தானே இருந்தான்."

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அழுதார்கள். குப்பியை ஆண் வண்டுகளின் இழுப்பறைக்குள்ளேயே வைத்தார் அம்மாள். விசிறிகள் ஒவ்வொன்றாக மடிந்தன. அந்த இழுப்பறையைத் திறக்கிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் திறக்கிறார்கள், அதிகாரியும்தான்.