யோத்தாம் வாத்தியாரின் வாழ்க்கைக் குறிப்பு

சவப்பெட்டியில் போர்த்தும் தேசியக் கொடியின் கழுகு தலைமாட்டில் வர வேண்டுமா, கால்மாட்டில் வர வேண்டுமா என்று அமைச்சகத்திலிருந்து வந்த சிலுஃப்யாவும் திருச்சபை மூப்பர் சகாலாவும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை விரித்தார்கள், சரியில்லை என்று சுருட்டினார்கள், மறுபடி விரித்தார்கள். உள்ளே படுத்திருந்த யோத்தாம் வாத்தியாரே எழுந்து வந்து சொன்னால்தான் உண்டு. அவருக்குத் தெரியாத கொடி விதி அந்த நாட்டில் கிடையாது.

அவருடைய மகள் திசுங்கே சுவரோரமாக நின்று, கல்லறையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லையோர ஊரான சிப்பாத்தாவில் எந்தச் சாவுக்கும் இது உண்டு. பிறந்தது எங்கே, படித்தது எங்கே, விட்டுப்போனது யார் யாரை என்று வீட்டார் ஒருவர் எழுந்து வாசித்த பிறகுதான் மண் தள்ளுவார்கள். அப்பா அவளுக்கு வேலையே வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே தன் குறிப்பைத் தானே தட்டச்சு செய்து வைத்துவிட்டுப் போயிருந்தார். பிறப்பு, இதே மாகாணத்துக் கட்டேட்டே. உடன்பிறந்தார், எவருமில்லை. ஐந்தாம் வகுப்புக் குடிமையியல் புத்தகத்தை எழுதியவர் அல்லவா. முப்பத்துநாலு வருஷமாக நாடே அவர் எழுதியதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறது.

தம்பி கெர்ஷோம் பின்கதவு வழியாக வந்து அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா, எல்லைப் பக்கத்துலேர்ந்து ஒரு மினிபஸ் வந்துச்சு. ஒரு வயசான அம்மா இறங்கி நிக்குது. அழவே மாட்டேங்குது. எனக்கென்னமோ சரியாப் படல."

சாவு வீட்டுக்கு வரும் பெண் தெருமுனையிலேயே குரலெடுத்துக்கொண்டுதான் வருவாள். அழாமல் வந்து நிற்பவளை யாரும் நம்ப மாட்டார்கள். திசுங்கே வெளியே போனாள். மாமரத்தடியில், மூட்டையைக் கீழே வைக்காமல், நெட்டையாக ஒரு பெண்மணி நின்றிருந்தாள். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். அவள் திரும்பினாள். அதே நெற்றி, அதே இடைவெளி விட்ட முன்பற்கள். காலையில்தான் மூடிய அப்பாவின் முகம்.

"நீ திசுங்கேதான? நான் எஸ்னாத்தி எம்பெவே. உங்கப்பனுக்கு அக்கா. ஒரே வயித்துல பொறந்தவ."

"எங்கப்பாவுக்கு யாருமே இல்லீங்களே. அம்மை வந்து எல்லாரும் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்காரு."

"அப்படித்தான் சொல்லியிருப்பான். நாங்க செத்தாத்தான அவன் பொழைக்க முடியும்." சந்தையில் பேசுவதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "மலாவியில மச்சிஞ்சிப் பக்கம், கம்வேண்டோ. உங்கப்பன் பொறந்ததும் அங்கதான். ஒம்பது வயசுல படிக்கன்னு இந்தப் பக்கம் வந்தவன்."

திசுங்கேவும் ஐந்தாம் வகுப்பு டீச்சர்தான். 'யார் நம் நாட்டவர்' என்ற பாடத்தைப் பத்தொன்பது வருஷமாக நடத்துகிறாள். அப்பன், ஆத்தாள், பாட்டன் எல்லாரும் இந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கத்திச் சொல்ல வைக்கிறாள். அந்தப் பாடத்தைக் காட்டித்தான் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் மலாவியில் இறக்கிவிட்டார்கள். அன்று அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். பாவம், நண்பர் போன துக்கம் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அடப் பாவி மனுஷா என்று இப்போது அவளுக்குத் தொண்டை வரை வந்தது.

"ஒரு நாளும் உங்களப் பாக்கவே வரலியா அவரு?"

"ஏன் வராம? வருஷாவருஷம் ஆகஸ்ட்டுல எல்லைச் சந்தைக்கு வருவான். எல்லைக் கயித்துக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். தக்காளி வெல கேக்குற மாதிரி பேசிட்டுப் போயிடுவான். உம் போட்டோ எல்லாம் காட்டியிருக்கான். வீட்டுக்கு மட்டும் வந்துடாதக்கான்னான். நானும் வரல. இனிமே தடுக்க மாட்டான்ல, அதான் வந்தேன்."

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த கெர்ஷோம் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தான். "பொணத்தக் கேக்க வந்துருக்காங்க, புரியலையா? நம்ம வழக்கத்துல பொணம் தாய்வழிச் சொந்தத்துக்குத்தான். பெட்டிய எல்லைக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போனா என்ன ஆகும்? அப்பா பேரு போச்சு, புஸ்தகம் போச்சு. அப்புறம் நீ யாரு நான் யாருன்னு நம்ம காகிதத்தத் தோண்டுவாங்க. உன் வேலை, என் வேலை, எம் புள்ளைங்க..."

"பொணம் கேக்கலப்பா," என்றாள் எஸ்னாத்தி. "அவன் ஆசைப்பட்ட மண்ணுலயே கெடக்கட்டும். ஒருதரம், தம்பின்னு சொல்லி அழுதுட்டுப் போயிடறேன்."

"அதத்தான் வேணாங்கறேன்," என்றான் கெர்ஷோம்.

வீட்டுக்குள் ஒருவழியாகக் கழுகுக்கு இடம் முடிவாகிவிட்டது போலிருந்தது. சிலுஃப்யா வாசலுக்கு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மாமரத்தடியைப் பார்த்த அந்த நொடியில்தான் திசுங்கேவின் வாயிலிருந்து அது வந்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் உடம்பு கூசும்.

"அத்தை, அமைச்சகத்துக்காரங்க போற வரைக்கும் மட்டும். யாராச்சும் கேட்டா, முன்ன இந்த வீட்டுல வேலை செஞ்சவங்கன்னு சொல்லிருங்க."

எஸ்னாத்தி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தலையை ஆட்டினாள். "சரி. எத்தன வருஷம் வேலை செஞ்சேன்னு சொல்லணும்? சொல்லிக்குடு. தப்பா எதையாச்சும் சொல்லிடப் போறேன்."

"ஆறு வருஷம்."

"ஆறு," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள் அவள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் ஏறியிருந்தது. பெண்கள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பாடினார்கள். கடைசி வரிசைக்கும் பின்னால் எஸ்னாத்தி உட்கார்ந்திருந்தாள். தோளில் போட்டிருந்த துணியின் முனையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்திலிருந்தவள் ஏதோ கேட்டாள். எஸ்னாத்தி ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் ஒரு விரலையும் காட்டுவதைத் திசுங்கே பார்த்தாள்.

சிலுஃப்யா இருபது நிமிஷம் பேசினார். இந்த மண்ணின் மைந்தர் என்று நான்கு முறையாவது சொன்னார். பெட்டி இறங்கியது. மண்வெட்டிக்காரர்கள் தயாராக நின்றார்கள். மூப்பர் சகாலா கண்ணைக் காட்ட, திசுங்கே தாளைப் பிரித்தாள். அமைச்சகத்தார் வந்திருந்ததால் இங்கிலீஷில்தான் வாசிக்க வேண்டும்.

பிறப்பு, கட்டேட்டே என்று வாசித்தாள். எழுதி வைத்துவிட்டுப் போனது அவர், வாசிப்பது மட்டும்தான் நான் என்று மனதைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள். படித்த பள்ளி, பார்த்த வேலை, எழுதிய புத்தகம், வாங்கிய விருது. எல்லாம் தடங்கலில்லாமல் போயிற்று. உடன்பிறந்தார் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. அடுத்த சொல் கண்ணெதிரே இருக்கிறது, நாக்கு எழும்பவில்லை. கெர்ஷோம் பல்லைக் கடித்துக்கொண்டு, வாசி வாசி என்று உதட்டை அசைத்தான்.

"உடன்பிறந்தார்," என்று மறுபடி தொடங்கினாள். "அக்கா ஒருவர். எஸ்னாத்தி எம்பெவே. கம்வேண்டோ கிராமம், மச்சிஞ்சி, மலாவி."

மண்வெட்டி ஒன்று கல்லில் பட்டு நின்றது. கெர்ஷோம் தலையில் கை வைத்துக்கொண்டான். "என்ன சொல்றா இவ?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிலுஃப்யா தன் கையிலிருந்த குறிப்பின் நகலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் இல்லை.

இங்கிலீஷ் தெரியாத எஸ்னாத்திக்கு அத்தனை வார்த்தைகளுக்கு நடுவே தன் பெயர் மட்டும் கேட்டிருக்கிறது. வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு, வகுப்பில் பேர் வாசித்ததும் எழுந்திருக்கும் பிள்ளைபோல, தரையில் கையூன்றி மெல்ல எழுந்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரலாமா என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.