இறங்காத சட்டி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைசல் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன்; அவனுடைய மனைவி, அதாவது அண்ணி; புகுந்த வீட்டிலிருந்து மழைக்காலத் தொடக்கத்தில் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்திருந்த தங்கை; அவளை அழைத்துப் போக வந்த மாப்பிள்ளை; அவருக்குத் துணையாக வந்த, அவரோடு ஒரே வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கும் அவருடைய சித்தப்பா. ஆறாவது ஆள் கிடையாது. எதிர்வீட்டு ஜன்னலில் தலை நீட்டியவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் கை நனைக்கும் முன் எந்த வழக்கையும் பேச்சில் எடுக்க மாட்டார்கள். பெண் கொடுத்த இடத்துப் பிரச்சினையானாலும் சரி, வேலித் தகராறானாலும் சரி, முதலில் சாப்பாடு. ஆகவே அன்று எல்லாம் ஒரு சட்டியை நம்பி நின்றது. அந்தச் சட்டியோ இறங்குவதாக இல்லை.

ஆட்டுத் தொடை, எலும்போடு. விடிந்ததும் தங்கைதான் ஏற்றினாள். அடிகனத்த சட்டிக்குக் கீழே அண்ணன் பட்டறையில் கடைந்து கொடுத்த இரும்புத் தகடு. அதற்கும் கீழே, இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டிய அளவுக்குத் தீ. கொழுப்பு தானே உருகி, வெங்காயம் அதில் கரைந்து, இறைச்சி எலும்பை விட்டு நழுவ வேண்டும். அதுவரை கரண்டிக்கு வேலையில்லை.

அண்ணனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தங்கை ஏன் வந்தாள் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அடித்தாரா என்றால் இல்லை. குடிக்கிறாரா என்றால் இல்லை. "எனக்கு அங்க முடியலண்ணா," அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. சித்தப்பா சரக்குக் கிடங்கில் மேஸ்திரி; ஒருமுறை முகம் சுளித்துப் போனால் மறுமுறை வாசல் மிதிக்கிறவர் அல்ல. இன்று நல்லபடியாக முடியாவிட்டால் தங்கையின் வாழ்க்கைக்கு என்ன வழி? அவன் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தான். அடுப்பைக் கடக்கும்போதெல்லாம் தீயைத் தூண்டினான். தங்கை பின்னாலேயே வந்து தணித்தாள்.

"என்னங்க, இரும்பைத்தான் பொறுமையா கடைவீங்களா? கறின்னா பறக்கறீங்களே," என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு. மாப்பிள்ளையோட சித்தப்பா வாட்சைப் பாத்துட்டே இருக்காரு."

கூடத்தில் சித்தப்பா துண்டால் விசிறிக்கொண்டார். "என்ன தம்பி, ஆடு இன்னும் நடந்து வந்துட்டு இருக்கா?"

"இதோ ஆச்சு மாமா."

"இதோவா? வந்ததுலேருந்து இதோவைத்தான் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ஐஸ் ஆலையில் இரவு வேலை முடித்து நேராக வந்தவர். கண்கள் சிவந்திருந்தன, பார்வை சமையலறைக் கதவை விட்டு நகரவில்லை.

தங்கை துணி எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் அண்ணன் மூடியைத் திறந்தான். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு துண்டை அழுத்திப் பார்த்தான், எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடி பிடித்துவிடுமோ என்ற பதற்றத்தில் குடத்திலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றித் தீயை முழுதாக ஏற்றினான். கொதித்துக்கொண்டிருந்த சட்டி சட்டென்று அடங்கிப்போனது.

அவள் வந்து மூடியைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. பாதி இளகியிருந்த கறி சுருங்கி விறைத்துக் கிடந்தது.

"யாரு தண்ணி ஊத்துனது?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தான். அவள் தீயைத் தணித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "இன்னும் நேரமாகும்."

சித்தப்பா எழுந்தே விட்டார். "புரிஞ்சிடுச்சும்மா. வர இஷ்டமில்ல. வாயால சொல்லாம வயித்தைக் காயப்போட்டுச் சொல்ற. எழுந்திருடா, போலாம்!"

அவர் ஒரு காலில் செருப்பும் மாட்டிவிட்டார். அண்ணன் வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றான். விருந்துக்கு அழைத்தவரைப் பட்டினியாக அனுப்பினால் வெளியே எந்த முகத்தோடு நடப்பது? பழியோ தங்கை தலையில் விழுகிறது. கூச்சத்தைப் பார்த்தால் ஆகாது.

"மாமா, அவ மேல தப்பில்ல. பச்சைத் தண்ணி ஊத்தினது நான். அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன்."

சித்தப்பா ஒற்றைச் செருப்போடு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கொதிக்கிற கறியிலயா? அடப்பாவி மனுஷா!" என்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். "எங்க வீட்டுல நான் இதே வேலை பண்ணி அடி வாங்கியிருக்கேன். சரி, உக்காரு. நீயும் நடக்காத, தலை சுத்துது."

வெயில் சாயத் தொடங்கியபோதுதான் சட்டி இறங்கியது. தங்கை தரையில் ஐந்து தட்டுகளை வைத்தாள். ஒரு தட்டில் சோறு போட்டு, நல்ல துண்டாக இரண்டு எடுத்து வைத்து, அந்தத் தட்டின் முன் தானே உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது?" என்றார் சித்தப்பா. "வந்தவங்க காத்துட்டு இருக்கோம்."

அண்ணனுக்கும் சுருக்கென்றது. கண்டிக்க வாயெடுத்தான்.

"உங்க வீட்டுல நான் ஒரு நாளும் சூடா சாப்பிட்டதில்ல மாமா," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "எல்லாருக்கும் போட்டு முடிச்சு, சட்டியில ஒட்டினதை வழிச்சு, நின்னுக்கிட்டே தின்னுட்டுப் பாத்திரம் கழுவுவேன். சமைச்சது நான்தான். ஒரு நாளாவது நீ சாப்பிட்டியான்னு யாராவது கேட்டீங்களா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க சாப்பிட்டதும் ஐஸ் ஆலைக்கு ஓடிடுவீங்க. இதை எப்படிச் சொல்றது? சோத்துக்காக சண்டை போட்டாள்னு சிரிப்பாங்க."

அண்ணன் கண்டிப்பதற்காக எடுத்த வாயை மூடிக்கொண்டான். இத்தனை நாள் தன் வீட்டிலும் அவள் கடைசியாகத்தான் உட்கார்ந்தாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. குழம்பில் ஒரு கரண்டி எடுத்து அவள் சோற்றில் ஊற்றினான்.

"ஆறிடும். சாப்பிடு."

மாப்பிள்ளை அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கி மற்ற தட்டுகளுக்குத் தானே பரிமாறினார். பழக்கமில்லாததால் சித்தப்பாவின் வேட்டியிலும் கொஞ்சம் பரிமாறினார். "நான் என்ன பண்ணணும், சொல்லு," என்றார் மனைவியிடம்.

"சாப்பிட்ட அப்புறம் பேசலாம். இங்க அதுதான் வழக்கம்."

அப்படியே பேசினார்கள். ஐஸ் ஆலைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு பார்ப்பது, அது கிடைத்த பிறகு அவள் போவது என்று முடிவாயிற்று. சித்தப்பா மனத்தாங்கலோடுதான் புறப்பட்டார். ஆனால் வாசலில் அவளைப் பார்த்து, "வரேன்மா," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றதை எதிர் ஜன்னல் பார்த்திருக்கிறது. பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண் சம்பந்தி வீட்டாரைச் சாப்பாடு போடாமல் விரட்டிவிட்டாள் என்று தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது பொய். வந்தவர்கள் இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். சித்தப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் அவர்களுக்கு முன்னால் சாப்பிட்டாள், அவ்வளவுதான்.