சாசேஜின் நாடி

கடைசி வகுப்புக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டு வருவது அமெரிக்காவின் துலூத் நகரில் எங்கள் கல்லூரி வழக்கம். உருளைக்கிழங்கை மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் மட்டுமே நாலு பேர் கொண்டு வந்திருந்தார்கள். டேரல் கோஸ்கி மான்கறி சாசேஜோடு வந்தான். அவன் மாமா சுட்ட மான். அந்த மாமாதான் அவனுக்குப் பெரிய பயம்.

மாமா வீடு வீடாகப் போய்க் கழிவுத் தொட்டி சுத்தம் செய்யும் லாரி வைத்திருக்கிறார். கோஸ்கி, சிக்னல் அலைகளை அலசும் இந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன். இந்த முறையும் போனால் படிப்பு அவ்வளவுதான். அவன் தோற்பான் என்ற நம்பிக்கையோடு மாமா லாரியில் ‘லார்சன் மற்றும் மருமகன்’ என்று பெயின்ட் அடித்தே விட்டார்.

போன் கேமராவின் மேல் விரலை வைத்து விளக்கைப் போட்டால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரலின் சிவப்பு லேசாக மாறும். அதை வைத்து நாடியைக் கணக்கிடும் நிரலை எழுத வேண்டும். பேராசிரியர் மார்லிஸ் ஹாகன் வைத்த பரீட்சை அது. என் திரையில் வந்த கோடு கோழி கிளறியதுபோல் இருந்தது. பக்கத்தில் கோஸ்கியின் கோடோ புத்தகத்தில் அச்சடித்த அலை. எப்படி என்று கேட்டேன். இதயம் துடிக்கும் வேகத்துக்கு ஒத்துவராததை எல்லாம் வடிகட்டித் தள்ளிவிட்டானாம். மிச்சம் இருப்பது இதயம்தானே என்றான். எனக்கும் சரியென்றே பட்டது.

ஹாகன் அவன் போனை வாங்கிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்றார். அவர் அழகு என்றாலே எங்கோ தப்பு என்று அர்த்தம். ஒரு சாசேஜ் துண்டை எடுத்துக் கேமராவின் மேல் வைத்தார்.

அலை எழுந்தது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. கீழே கோஸ்கி ஆசையாக எழுதி வைத்த வரி: ‘உங்கள் இதயம் நலமாக உள்ளது.’

“டேய், மான் செத்துருச்சுன்னு உங்க மாமாவுக்கு நல்லாத் தெரியுமா?” என்றாள் பின்வரிசை இங்க்ரிட்.

ஹாகன் சிரிக்கவில்லை. “நட்சத்திர அச்சுல வெட்டினா எந்த மாவும் நட்சத்திரமாத்தான் வரும், கோஸ்கி. இந்த மேஜையில சாப்பாடு தீர்ற வரைக்கும் டைம். உசுரு இருக்கறதையும் இல்லாததையும் உன் போன் பிரிச்சுச் சொல்லணும்.”

எல்லாரையும் மெதுவாகத் தின்னச் சொல்லும்படி கோஸ்கி என்னிடம் கெஞ்சினான். நான் வகுப்பில் வாய் திறந்ததே இல்லை. அப்போதுதான் அடுப்பிலிருந்து சூடாக வந்த ஒரு ஹாட்டிஷ் தட்டைத் துணியோடு இழுத்து மடியில் ஒளித்துக்கொண்டேன்.

அவன் வேர்த்து விறுவிறுத்து நிரலைத் திருத்தினான். வடிகட்டித் தள்ளியதையும் வைத்துக்கொண்டதையும் ஒப்பிட்டு, துடிப்பு தெளிவாக மேலெழாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று சொல்ல வைத்தான். சாசேஜை வைத்தான். ‘தெரியவில்லை.’ எல்லாரும் கைதட்டினார்கள்.

ஹாகன் தன் விரலை வைத்தார். ‘தெரியவில்லை.’

கைதட்டல் நின்றுவிட்டது. வீட்டுக்குக் கிளம்புமுன் காரைச் சூடேற்றி வைக்கிறேன் என்று கையுறை போடாமல் வெளியே பனிக்குளிரில் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார் அவர். கோஸ்கிக்கு அது நினைவில்லை. புதிதாக எழுதியதை அழித்தால் போதும், எழுபத்திரண்டு வந்துவிடும். அவன் விரல் அழிக்கும் விசைவரை போனது. போய்த் திரும்பி, ஹாகனின் விரலைத் தொட்டது.

“போன் சரியாத்தான் சொல்லுது, புரொபசர். உங்க கை ஐஸா இருக்கு. இதுல ரத்தம் ஓடுதான்னு எனக்கே தெரியல.”

நான் மடியில் இன்னும் சூடாக இருந்த தட்டை எடுத்து நீட்டினேன். ஹாகன் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை வைத்தார். தொண்ணூற்றொன்று. கடிகாரத்தைப் பார்த்தபடி கழுத்தில் விரல் வைத்துத் தானும் எண்ணிப் பார்த்தார்.

“பாஸ்” என்றார். தட்டு எவ்வளவு நேரமாக என் மடியில் இருக்கிறது என்றும் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

கோஸ்கி அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டான். பாஸாகிவிட்டேன் என்றான்.

“சரி விடு” என்றார் மாமா. “லாரியில பேரா எழுதியிருக்கேன்? மருமகன்னுதானே இருக்கு. உன் தம்பி சும்மாத்தானே இருக்கான்?”