மணியடித்தபோது கையிலிருந்த தோட்டா

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவர் ஆரோக்கிய ராணி அக்கா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் எதிர் வீடு. 2007-இல் நடந்ததைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் பாவி, கேட்கும்போதே இதில் யாரைச் சாகடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் தொடக்கம்: [அன்று மாலை வானம் இருண்டிருந்தது. ஏதோ நடக்கப்போவதை] வேண்டாம். வானம் சும்மாதான் இருந்தது.

2

அக்காவின் கணவர் செபாஸ்டினிடம் தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று உண்டு, லைசென்சோடு. அதற்குப் பொருந்தும் தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் சுட்டுமுடித்த பித்தளைக் கூட்டிலேயே மறுபடி வெடிமருந்திட்டு, ஈயக் குண்டை அழுத்தி அவரே செய்துகொள்வார். (அதற்கு லைசென்ஸ் உண்டா என்று கேட்டேன். அக்கா காபி போட எழுந்து போய்விட்டார்.)

அந்த வேலையின்போது வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தால் பழைய இரும்பு தாங்காது, பிடித்தவன் கையோடு சிதறும். டிவியை அணைத்தார், போனை அணைத்தார். கோயில் மணியை யார் அணைப்பது? மாலைச் செப மணி அடித்ததும் வழக்கம்போல எழுந்து நின்றார், சிலுவை போட்டார், செபித்தார், உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். ஆறு தோட்டாக்களும் தயார்.

மறுநாள் காலை அக்காவின் தம்பி ஆரோக்கிய பிரபு வந்து ரிவால்வரையும் தோட்டாக்களையும் தன் ஊரான குமராட்சிக்கு எடுத்துப்போனான். வயலில் காட்டுப்பன்றித் தொல்லை. (கொடுத்தது குற்றம்தான். மச்சானுக்கு இல்லை என்பது அதைவிடப் பெரிய குற்றம்.)

"நீ போ மச்சான், நான் சாயங்காலம் வந்துர்றேன்" என்று அனுப்பிவைத்தார் செபாஸ்டின்.

3

நண்பகல் மணி அடித்தது. சிலுவை போட நெற்றிக்குப் போன செபாஸ்டினின் கை அங்கேயே நின்றது. நேற்று எழுந்தபோதும் கையில் ஒரு கூடு இருந்ததே! அதில் ஏற்கெனவே மருந்து போட்டிருந்தாரா? உட்கார்ந்ததும் போட்டது நிச்சயம்.

"ராணி, ஒன் தம்பிக்கு போன் போடு!"

"சுச்சாப்னு வருதுங்க. என்னாச்சு?"

சொன்னார். அக்கா பைக் சாவியை எடுத்து அவர் கையில் திணித்தார். "அவன் கைக்கு எதுனா ஆச்சு, ஒங்கள சும்மா வுட மாட்டேன்."

சிதம்பரம் தாண்டும்வரை செபாஸ்டின் பைக்கில் மாதாவிடம் பேரம் பேசிக்கொண்டே போனார். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போடுகிறேன், இனி மருந்தைத் தொடவே

4

முடிவு ஒன்று: வரப்பில் இரத்தம். எழுதினேன். நன்றாகவே வந்தது, அதனாலேயே கிழித்தேன்.

முடிவு இரண்டு: வெடித்தது, ஆனால் [சீ, இது ஏமாற்று.]

நடந்தது இதுதான். பிரபு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். மடியில் ரிவால்வர், சுற்றிய துண்டைக்கூடப் பிரிக்கவில்லை.

"சுட்டியா மச்சான்?"

"மாமா மொதல்ல சுடாம நான் எப்புடிச் சுடறது? மரியாதன்னு ஒண்ணு இருக்குல்ல? ரெண்டு வாட்டி பன்னி வந்துட்டுப் போச்சு, சும்மா பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கேன். போன் அடிச்சா ஓடிப்பூடும்னு அதையும் அணைச்சிட்டேன்."

செபாஸ்டின் வரப்பிலேயே உட்கார்ந்து குலுங்கி அழுதார். போன உயிர் திரும்பி வந்தது. பிறகு ஆறு தோட்டாக்களையும் கொள்ளிடத்தின் ஆழத்தில் வீசிவிட்டு வந்தார்கள்.

5

இரட்டை மருந்து எந்தத் தோட்டாவில்? இல்லை, எல்லாமே சரியாகத்தான் இருந்தனவா? தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் ஆற்றில் இறங்கித் தேடி, மீதிக் கதையை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டாம்.

அன்று பிரபு வீட்டில் மீன்குழம்பு. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். செபாஸ்டின் தன் தட்டைத் தொடவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா மாமா பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீ சாப்புடு."